ஆறு முப்பிடாதிகள்

"முப்பிடாதி!" என்று நர்ஸ் கூப்பிட்டதும், சர்க்கரை மாத்திரைக்குக் காத்திருந்த ஆறு பெண்கள் எழுந்தார்கள். எல்லோருக்கும் ஊர் அம்மனின் பெயர்தான். போன வருஷம் எட்டுப் பேர் எழுந்தது தையல்கார முப்பிடாதிக்கு ஞாபகம் வந்தது. ஊரில் இந்தப் பெயரைக் கடைசியாக ஒரு பிள்ளைக்கு வைத்து நாற்பது வருஷமாகிறது. அவளே தன் மகளுக்கு ஷர்மிளா என்றுதான் வைத்தாள். "நீங்க இல்லக்கா, தடுப்பூசிக்குக் கூப்பிட்டேன்" என்றாள் நர்ஸ். பின்னாலிருந்து ஓர் இளம்பெண் கைக்குழந்தையோடு வந்தாள். "எம்மவ பேருதான்க்கா. கம்பீரமா இருக்குல்லா?" ஆறு பேரும் உட்கார மறந்தார்கள். ஊசி இறங்கிக் குழந்தை வீறிட்டபோது தையல்கார முப்பிடாதி தன் தொடையைத் தேய்த்துக்கொண்டாள். "அரை மணி நேரம் இருந்துட்டுத்தான் போகணும், முப்பிடாதி" என்று நர்ஸ் குழந்தையின் கன்னத்தைத் தட்டினாள். மாத்திரை வாங்கிய பிறகும் ஆறு பேரில் ஒருத்திகூடக் கிளம்பவில்லை.