கருமணிக்குக் காசு வெட்டியவர்

காமயகவுண்டன்பட்டி விஜயபாண்டிக்கு ஆத்திரம் அடங்கவில்லை. கேரளா வியாபாரிகள் தன் கணக்கின் நீள நம்பருக்குப் பதிலாகப் பேரைத் தட்டினாலே பணம் தன்னிடம் வந்து சேரட்டும் என்று, தன் திராட்சைத் தோட்டத்தின் பேரான 'கருமணி'யை பிளாக்செயின் என்ற இணையப் பதிவேட்டில் பதியப் போனார். எவனோ ஏற்கெனவே பதிந்து வைத்திருந்தான்.

"எந்த ஆபீசுல எழுதிக் குடுக்கணும்?"

கம்ப்யூட்டர் கடை சாலமனுக்கு அலுத்துவிட்டது. "அண்ணே, இதுக்கு ஆபீசே கெடையாது. மொதல்ல பதிஞ்சவருக்குத்தான் பேரு. அவரு போன்ல இருக்குற சாவியப் போட்டு அவரா விட்டாத்தான் உண்டு. கலெக்டரே வந்தாலும் மாத்த முடியாது."

"அப்ப ஆத்தாகிட்டயே சொல்லிக்கிறேன்."

நேராகக் கோயிலுக்குப் போனார். பேரை எடுத்தவனுக்குக் கைகால் விளங்காமல் போகட்டும் என்று வேண்டி, ஒரு காசை இரண்டாக வெட்டிப் போட்டார்.

மறுநாள் காலையில் அதே கோயிலுக்கு நொண்டிக்கொண்டே வந்தார். "சாமி, வெட்டுன காசைத் திருப்பணும்."

பூசாரி சலித்துக்கொண்டார். "நெனச்சா வெட்டுறது, நெனச்சா திருப்புறதா? காசு வெட்டுனவுகளும், யாருக்கு வெட்டுனாகளோ அவுகளும் சேந்து வந்து நின்னாத்தான் ஆத்தா மனசு எறங்குவா. அந்த ஆளு எங்க?"

"ரெண்டு பேரும் வந்துட்டோம் சாமி."

பூசாரி வாசலை எட்டிப் பார்த்தார். அங்கே விஜயபாண்டியின் மனைவி வேல்விழி மட்டும் நின்றிருந்தாள்.

"என்னையப் பாக்காதீக சாமி," என்றாள். "போன வருசம் அந்தப் பேரப் பதிஞ்சதே இவுகதான். பதிஞ்சதையும் மறந்துட்டு, சாவி இருந்த அந்தப் பழைய போனத் தெருவுல வந்த பழைய சாமான்காரன்கிட்டப் போட்டுப் பிளாஸ்டிக் குடம் வாங்கிட்டாக."