வலப் பக்க விளக்கு

"பல் தேய்க்கிற பேஸ்ட் போட்டுத் தேய்ச்சீங்களாம்மா?" என்று கேட்டார், காரின் மங்கிய முன்விளக்குக்கு எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தவர்.

அவளுக்கு வெட்கமாகப் போய்விட்டது. "போன்ல பார்த்துட்டுப் போட்டேண்ணே. ரெண்டு நாள் பளிச்சுன்னு இருந்துச்சு. அப்புறம் பழையபடி மஞ்சக்காமாலைதான்."

"பேஸ்ட் அழுக்கைத்தான் எடுக்கும். வெயில் தின்ன மேல்தோலை உரிச்சாத்தான் வெளிச்சம் வரும்."

விளக்கைத் தேய்த்துத் தர ஆள் கிடைக்குமா என்று முந்தின நாள்தான் உதிரிபாகக் கடைக்குப் போன் செய்து கேட்டிருந்தாள். காலையில் வாளியும் உப்புத்தாளுமாக இவர் வந்து நின்றார். "கடையில விலாசம் கொடுத்தாங்க" என்றார்.

அவள் கணவன் ஊர் ஊராக மருந்து கொண்டுபோய் விற்பவன். ஒரு மாதமாக வண்டியைத் தொடவில்லை. கேட்டால், "லைட் மங்கிப்போச்சு, ரோடே தெரியல" என்பான். திரும்பிச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்வான். திங்கட்கிழமை வராவிட்டால் வேறு ஆளைப் போட்டுக்கொள்வதாக முதலாளி சொல்லிவிட்டார்.

"சார் வெளியவே வர்றதில்லையா?"

"வாசப்படி தாண்ட மாட்டாருண்ணே. யார் வந்தாலும் தூங்குறேன்னு சொல்லச் சொல்றாரு."

"லைட் சரியானா வந்து பார்ப்பாரா?"

"கையப் பிடிச்சு இழுத்துட்டு வர்றேன். அதுக்கப்புறம் என்ன சாக்கு சொல்லுவாரு?"

அவர் தலையசைத்தார். பெயிண்டில் கீறல் விழாதபடி விளக்கைச் சுற்றி டேப் ஒட்டினார். தண்ணீர் தெளித்துத் தெளித்துத் தேய்த்தார். மஞ்சள் பாலாக வழிந்தது.

"என்னண்ணே, முன்னைக்கு இப்ப இன்னும் மங்கலாத் தெரியுது?"

"தெளியறதுக்கு முன்னாடி அப்படித்தான் இருக்கும்" என்று சொல்லி, இன்னும் மெல்லிய தாளை எடுத்தார்.

அவள் டீ கொண்டுவந்து வைத்தாள். ஆறி ஆடை கட்டும்வரை அவர் அதைத் தொடவில்லை.

"அந்தப் பக்கத்து லைட் மட்டும் புதுசு" என்றார், தலை நிமிராமல்.

"போன மாசம் வர்ற வழியில மரத்துல உரசிட்டாராம். மாத்தினது மாத்தினாரு, ரெண்டையும் மாத்தியிருக்கக் கூடாதா? நம்ம பேச்சை யாரு கேக்குறா."

"இந்த மாதிரி வண்டிக்கு ஒத்தை லைட்டா வாங்கினது இவர் ஒருத்தர்தானாம். கடையில சொன்னாங்க."

"கஞ்சத்தனத்துக்கு அவரை அடிச்சுக்க ஆளே இல்லண்ணே."

அவர் சிரிக்கவில்லை. பாலிஷ் போட்டுத் துடைத்தார். மறுபடியும் மஞ்சளடிக்காமல் இருக்க, வெயிலைத் தாங்கும் பூச்சை ஒரே சீராக இழுத்தார். அது காயும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்து, ஒரு பூச்சியைக்கூட அண்டவிடாமல் காத்தார்.

சாவியைத் திருகி விளக்கைப் போட்டதும் ஷெட்டின் பின்சுவர் வெளுத்தது. அவள் உள்ளே ஓடினாள். லுங்கியும் கலைந்த தலையுமாக இருந்தவனை இழுத்துக்கொண்டு வந்து வண்டிக்கு முன்னால் நிறுத்தினாள்.

"பாருங்க. ரோட்ல ஊர்ற எறும்புகூடத் தெரியும். இனிமே எதைக் காட்டிப் படுத்துக்குவீங்க?"

அவன் வெகுநேரம் அந்த வெளிச்சத்தைப் பார்த்தான். கண்களைக் கசக்கிக்கொண்டான். "சரி, திங்கட்கிழமை போறேன்" என்றான்.

அவள் அவரைப் பார்த்துக் கும்பிட்டாள். "எல்லாம் இந்த அண்ணன் புண்ணியம்" என்றாள்.

அப்போதுதான் அவன் வந்தவரைப் பார்த்தான். "கடையில வேலை பார்க்கிறீங்களா?"

"இல்லைங்க. விசாரிக்கத்தான் அங்க போயிருந்தேன்."

அவர் ஈரக் கையைத் துடைத்தார். எழுந்து போய், அதுவரை தொடாத இடப் பக்கத்துப் புது விளக்கின்மேல் கையை வைத்தார்.

"இங்க இருந்த பழசோட ஒரு துண்டு, என் பொண்ணு தலைமுடியில சிக்கியிருந்துச்சு."