எண்ணூறு சனம்

“உங்கள் ஊர் கிராமமா, நகரமா?” என்று அதிகாரி கேட்டார். மொழிபெயர்க்க வந்திருந்த வதனி அதைத் தமிழில் சொன்னாள். தஞ்சம் கேட்டு வருபவர்களில் கிராமத்திலிருந்து தப்பி வந்தவர்களை அந்த நாடு ஏற்றுக்கொள்ளும். நகரத்துக்காரர்களுக்கு அவர்கள் ஊரிலேயே பாதுகாப்பு உண்டு என்று திருப்பி அனுப்பிவிடும்.

“சின்ன ஊர்தான், பிள்ளை. எண்ணூறு சனம்,” என்றார் தஞ்சம் கேட்டு வந்திருந்த திருச்செல்வம்.

எண்ணைக் கேட்டதும் அதிகாரி ‘நகரம்’ என்று எழுதத் தொடங்கினார். “இங்கே இருநூறு பேர் சேர்ந்து வாழ்ந்தாலே நகரம்தான்.”

“அப்ப எங்கட கோயில் அன்னதானப் பந்தியும் டவுன்தான் எண்டு சொல்லு, பிள்ளை!” அவர் சிரித்தார்.

சொந்தமாக ஒரு சொல்லும் சேர்க்க வதனிக்கு அனுமதி இல்லை. கேலிதானே என்று விட்டுவிடவும் அவளுக்கு மனம் வரவில்லை. அவர் சொன்னபடியே சொன்னாள். அதிகாரியின் பேனா நின்றது.

“கடைசியாக நடந்த பந்தியில் எத்தனை பேர் சாப்பிட்டார்கள்?” படிவத்தில் அப்படி ஒரு கேள்வி இல்லை.

“போன வருசமோ? பத்துப் பேர்கூட வரேல்ல. தேர் இழுக்க ஆளில்லாமச் சாமி உள்ளுக்கயே இருந்திட்டார்.”

“எண்ணூறு என்றீர்களே?”

“ஓடிப் போனவையளையும் சேர்த்துத்தான் சொன்னனான். எங்கட சனத்தை எப்பிடிப் பிள்ளை கழிக்கிறது?”

வதனி அதையும் அவர் சொன்னபடியே சொன்னாள். அதிகாரி தாம் எழுதியிருந்த ‘நகரம்’ என்பதை அடித்துவிட்டு ஒரு வாக்கியம் சொன்னார். அவள் அதைத் தமிழாக்க வாய் திறப்பதற்குள், திருச்செல்வம் அவள் முகத்தைப் பார்த்துக் கைகூப்பினார்.