நாச்சிமுத்துவின் பூட்டு

“பூட்டுத்தான் போட்டாச்சுங்கறேனே அம்மிணி, அப்புறம் என்ன—”

“உங்க பூட்டு போட்டிருக்குதுங்கண்ணா. உள்ள போறது நானு—”

“என்ற பூட்டுன்னா கரண்டு வந்துருமா, உன்ற பூட்டுன்னா வராதா? ரெண்டும் இரும்புதான—”

“நீங்க ஞாபகமில்லாம தொறந்துட்டீங்கன்னா?”

நாச்சிமுத்து திரும்பி அவளைப் பார்த்தார்.

கேட்டிருக்க வேண்டாமோ என்று அவளுக்குத் தோன்றியது.

கோழித்தீவன ஆலையின் மேல்தளம். நடுவில் மிக்ஸர். ஒரு லாரியில் பாதி அளவு இருக்கும். மேல் மூடி திறந்து கிடந்தது. உள்ளே, நீளத் தண்டைச் சுற்றிக்கொண்டு போகும் எஃகுத் தகடுகள். மக்காச்சோளமும் சோயாவும் அதில்தான் புரளும்.

தகடு ஒன்றில் போல்ட் தளர்ந்துவிட்டது. ஓடும்போது தட்டுகிறது. யாராவது உள்ளே இறங்கி முறுக்க வேண்டும்.

நாச்சிமுத்து பெரிய ஃபிட்டர். அவர் வயிற்றுக்கு மிக்ஸரின் வாய் பத்தாது.

அவள் அப்ரண்டிஸ். ஒல்லி.

இறங்குகிற ஆள்தான் மெயின் சுவிட்சில் பூட்டுப் போட வேண்டும், சாவி அந்த ஆளிடமே இருக்க வேண்டும் என்று வேலையில் சேர்ந்த வாரமே வகுப்பில் சொல்லிக்கொடுத்தார்கள். மரப்பலகையில் ஒரு பொய் சுவிட்சை அடித்து வைத்து, ஆளாளுக்குப் பூட்டிக் காட்டச் சொன்னார்கள். அவள் சரியாகப் பூட்டினாள். கைதட்டினார்கள்.

வகுப்பு முடிந்ததும் பூட்டைத் திருப்பி வாங்கிக்கொண்டார்கள்.

கீழே சுவிட்ச் ரூம் சுவரில் சிவப்புப் பூட்டுகள் தொங்கும். ஒவ்வொன்றிலும் ஒரு பெயர். எல்லாம் நிரந்தர ஆட்களின் பெயர்.

“எங்களுக்கு மட்டும் ஏனுங்கண்ணா இல்ல?”

“இருந்துச்சு. போன செட்டுல ஒரு மகராசன், சாவிய பாக்கெட்டுல போட்டுக்கிட்டு பொங்கலுக்கு ராசிபுரம் போயிட்டான். போனையும் அணைச்சுப்போட்டான். மிக்ஸரு நிக்குது. பண்ணைக்காரனுக அத்தனை பேரும் கத்தறானுக. அன்னிக்கோட அப்ரண்டிசுக்குப் பூட்டே இல்லைன்னு சொல்லிப்போட்டாங்க.” சிரித்தார். “அவன் பொங்கலைத் தின்னுபோட்டான். செரிக்கறது உங்களுக்கு.”

அவள் சிரிக்கவில்லை.

“பொண்ணு பாக்க வர்றவனக்கூட இத்தனை கேள்வி கேக்கமாட்ட போல.”

“அவரு என்னைய மிக்ஸருக்குள்ள இறங்கச் சொல்லமாட்டாருங்களே.”

கீழே லாரி ஹாரன் அடித்தது. மறுபடியும் அடித்தது.

நாச்சிமுத்துவின் முகத்திலிருந்து சிரிப்பு போய்விட்டது.

“அம்மிணி. வருசம் முடிஞ்சா உன்ற வேலையப் பத்தி நாந்தான் எழுதிக் குடுக்கோணும். உள்ள இறங்காத ஃபிட்டர்னு எழுதட்டுமா? எவன் வேலை குடுப்பான் உனக்கு?”

மெதுவாகத்தான் சொன்னார். மிரட்டலா அக்கறையா, சொல்ல முடியாது.

அப்புறம் அவரே பையில் கையைவிட்டுச் சாவியை எடுத்தார். அவள் உள்ளங்கையில் வைத்தார்.

“இந்தா. நீயே வெச்சுக்க. இனி நானே நெனச்சாலும் தொறக்க முடியாது. போதுமா?”

போதும் போலத்தான் இருந்தது.

கீழே போய்ப் பார்த்தாள். மெயின் சுவிட்சில் நாச்சிமுத்துவின் பூட்டு. இழுத்தாள். வரவில்லை. மேலே வந்து மிக்ஸரின் பச்சைப் பட்டனை அழுத்தினாள். ஒன்றும் அசையவில்லை.

சாவியைச் சட்டைப் பையில் போட்டுப் பொத்தானை மாட்டினாள். தொட்டுப் பார்த்தாள்.

இறங்கினாள்.

கருவாட்டுத் தூளின் வாடை. தகடுகளின் ஓரம் தேய்ந்து பளபளத்தது. இந்தத் தகட்டுக்கும் அந்தத் தகட்டுக்கும் நடுவே ஒரு காலை வைத்தாள். இன்னொரு காலுக்கு இடம் தேடினாள்.

தலைக்கு மேலே சதுரமாக வெளிச்சம். அதில் பாதியை நாச்சிமுத்துவின் தலை மறைத்திருந்தது.

“கிடைச்சுதா?”

“கிடைச்சுதுங்க. அண்ணா, நான் முறுக்கி முடிக்கிற வரைக்கும் ஏதாச்சும் பேசிக்கிட்டே இருங்க.”

“என்னத்தப் பேச?”

“எதையாவது. அந்த ராசிபுரத்து ஆளு கதையே சொல்லுங்க. சாவி இல்லாம அன்னிக்கு எப்படித்தான் ஓட்டுனீங்க?”

“எப்படி ஓட்டறது? கட்டர் போட்டு அறுத்தோம். அறுக்கறதுக்குள்ள பாதி நாளு போச்சு. மேனேஜருக்கு வந்துச்சு பாரு கோவம். இனிமே எந்தச் சாவிக்கும் காத்துக்கிட்டு நிக்கப்படாதுன்னுட்டு, எல்லாப் பூட்டுக்கும் இன்னொரு சாவி போட்டு வாங்கிப்போட்டாரு.”

ஸ்பேனர் போல்டைக் கவ்வியிருந்தது. அவள் முழு பலத்தோடு முறுக்கிக்கொண்டிருந்தாள். இரும்பு கிறீச்சிட்டது. உள்ளேயே எதிரொலித்தது.

இன்னும் ஒரு சுற்று.

போல்ட் இறுகிவிட்டது.

அப்போதுதான் அவர் சொன்னது அவளுக்குள் வந்து சேர்ந்தது.

சட்டைப் பையைத் தொட்டாள். சாவி இருந்தது. சில்லென்று, சின்னதாக.

ஸ்பேனர் நன்றாகத் தெரிந்தது. கை தெரிந்தது. தகட்டில் ஒட்டியிருந்த மாவுகூடத் தெரிந்தது. இறங்கும்போது இத்தனை வெளிச்சம் இல்லை.

நிமிர்ந்து பார்த்தாள்.

சதுரம் முழுசாக இருந்தது. அதில் தலை இல்லை.

லாரி ஹாரன் நின்றிருந்தது. கீழே யாரோ யாரையோ அவசரப்படுத்துகிற குரல். என்ன பேச்சு என்று பிடிபடவில்லை.

காலை எடுக்கப் பார்த்தாள். தகடுகளுக்கு நடுவே, வைத்ததைப் போல அத்தனை சுலபமாக வரவில்லை.

“அண்ணா, அந்த இன்னொரு சாவி யாருகிட்ட இருக்குதுங்க?”