பெட்டிக்குள் அடங்காத கார்டு

"என்னங்க, சம்பந்தி கிளம்பிட்டாராம். உங்க பெட்டி கண்ணைத் திறந்துச்சா?"

கூடத்திலிருந்து மனைவி கேட்டாள். எஞ்சினியர் மறுபடி சுவிட்சைத் தட்டினார். ஓய்வு பெற்ற பிறகு உதிரி பாகங்களை வாங்கித் தன் கையாலேயே பூட்டிய சின்னக் கம்ப்யூட்டர் மேஜைமேல் வாய் பிளந்து கிடந்தது. விசிறிகள் சுற்றின, திரை மட்டும் இருட்டு. படங்களைத் துல்லியமாகக் காட்டும் புது கிராபிக்ஸ் கார்டை இன்றுதான் அதில் செருகியிருந்தார்.

சம்பந்தி கட்டப்போகும் வீட்டை அந்தத் திரையில் அறை அறையாக நடந்து காட்டுவதாகச் சொல்லியிருந்தார். "ஏன், கடையில வாங்கினா கௌரவக் குறைச்சலா?" என்று சிரித்தவர் அந்தச் சம்பந்தி.

மருமகள் எட்டிப் பார்த்தாள். "மாமா, ஏதாவது ஒத்தாசை வேணுமா?"

"ஒண்ணுமில்லம்மா. அந்த டார்ச்சை மட்டும் வச்சுட்டுப் போ."

பெண் கொடுத்த வீட்டார் முன்னால் தலைகுனிவது அந்தக் குடும்பத்தில் வழக்கமில்லை. அவள் போனதும் கதவைச் சாத்தினார். கைப்பேசியை எடுத்து, சொந்தமாகக் கம்ப்யூட்டர் பூட்டுகிறவர்கள் புனைபெயரில் கூடும் இணையக் குழுவில் படத்தைப் போட்டார். "புதுக் கார்டு போட்டேன், திரையில ஒண்ணுமே வரல. யாராவது வழி சொல்லுங்க."

'திருப்புளி' என்றொரு ஆள் வந்தார்.

"ஐயா, வயர்களை இவ்வளவு நேர்த்தியா கட்டி நான் பாத்ததே இல்ல."

எஞ்சினியர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"ஆனா அந்தக் கட்டுதான் வினை. பெட்டி சின்னது, கார்டு நீளம். அதோட நுனி கட்டுல முட்டிக்கிட்டு நிக்குது, முழுசா உக்காரல. கரண்டை அணைச்சுட்டு, கட்டை அவிழ்த்து ஓரமாத் தள்ளுங்க. அப்புறம் கார்டை அழுத்துங்க, 'டக்'குனு சத்தம் வரணும்."

நூல் பிடித்ததுபோலக் கட்டிய கட்டு. மனசில்லாமல் அவிழ்த்தார். அழுத்தினார். டக்!

மின்சாரத்தைப் போட்டார். திரை அப்படியே இருந்தது.

"தம்பி, இன்னும் வரலையே! இன்னிக்கு என் மானமே போயிடும் போலிருக்கு."

"பதறாதீங்க ஐயா. மானிட்டர் வயரை முன்ன இருந்த இடத்துலயே விட்டுட்டீங்களா? கார்டு போட்டா, கார்டுல இருக்கிற ஓட்டையிலதான் மாட்டணும். நான்கூட முதல் தடவை இதுல அரை நாள் முழிச்சேன்."

மாற்றி மாட்டினார். திரை பளிச்சென்று விழித்தது. வரைபடத்தைத் திறந்தார். சம்பந்தியின் வீடு, ஜன்னல் வெளிச்சம் தரையில் விழ, எழுந்து நின்றது.

வேலை தெரிந்தவர்களை எஞ்சினியர் நிறையப் பார்த்திருக்கிறார். எதிராளியின் முகம் வாடாமல் பிழையைச் சொல்லத் தெரிந்தவர்கள் அபூர்வம். இந்தப் பண்பு நல்ல குடும்பத்தில்தான் வரும் என்று தீர்மானித்தார்.

"தம்பி, உங்களைப் பெத்தவங்க குடுத்து வச்சவங்க. எனக்கொரு பொண்ணு இருந்தா, கண்ணை மூடிக்கிட்டு உங்க வீட்டுக்குக் குடுத்திருப்பேன்."

கைப்பேசியில் பதில் வந்தது.

"எங்க அப்பாவும் அப்படித்தான் கண்ணை மூடிக்கிட்டு என்னை உங்க வீட்டுக்குக் குடுத்தார், மாமா. அவரோட கார் வாசலுக்கு வந்தாச்சு, பெட்டியை மூடிடுங்க."