ஏற்றத்தில் டெஸ்ட்

"தம்பி, இதெல்லாம் மலையேத்தமே கிடையாது. சின்னப் பசங்க ஐஸ்கிரீம் சாப்பிட்டுக்கிட்டே ஏறுவாங்க. வாங்க" என்றார் பிரேக் இன்ஸ்பெக்டர்.

கணவாயின் உச்சியில் கார்கள் நிற்கும் இடத்திலிருந்து ஒரு மண்பாதை கிளம்பிப் புல்மேட்டுக்குப் போகிறது. அரை மணி நடை. 'எளிதான பாதை' என்று போர்டே வைத்திருக்கிறார்கள்.

அவர் ஓய்வு பெற்று வெகு நாளாகிவிட்டது. ஆனாலும் ஊருக்கு அவர் இன்னும் பிரேக் இன்ஸ்பெக்டர்தான். லைசென்ஸ் கேட்டு வருகிறவர்களை ஏற்றத்தில் வண்டியை நிறுத்தி எடுக்கச் சொல்வார். ஒரு சாண் பின்னால் உருண்டாலும் பெயில். பெற்ற மகளையே இரண்டு தடவை பெயிலாக்கிய புண்ணியவான். இப்போது கைவசம் வண்டிகள் இல்லாததால், மகளுக்கு வரும் மாப்பிள்ளைகளை இங்கே கூட்டிவந்து ஏற்றுகிறார். இதுவரை ஒருத்தனும் தேறவில்லை. ஒருத்தனுக்கு மூச்சு வாங்கியது. ஒருத்தன் செருப்போடு வந்துவிட்டான். இன்னொருத்தன் ஜம்மென்று ஏறினான், ஆனால் மாமனாரை விட்டுவிட்டு ஏறினான்.

"இதுதாம்ப்பா கடைசி டெஸ்ட். இதுக்கு மேல இந்த மலைக்கு நான் யாரையும் கூட்டிட்டு வரமாட்டேன்" என்று சொல்லிவிட்டு மகள் காரிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

அவருக்கு உள்ளுக்குள் திக்கென்றுதான் இருந்தது. தாயில்லாத பெண். இன்றைக்கு வந்திருக்கும் இந்தப் பையனும் போனால் அவள் கல்யாணம் அவ்வளவுதான். அதற்காக டெஸ்ட்டில் சலுகை காட்ட முடியுமா?

முதல் வளைவு வருவதற்குள் பையன் நின்றான். "சார், கொஞ்சம் உக்காரலாமா?"

"அதுக்குள்ளயா?"

"வியூ நல்லாருக்கு சார்."

எதிரே ஒரு தண்ணீர்த் தொட்டி இருந்தது. பையன் அதையே பார்த்துக்கொண்டு பாறையில் உட்கார்ந்தான். மரியாதைக்கு அவரும் உட்கார்ந்து, மரியாதைக்குக் கொஞ்சம் இருமினார். இருமி முடித்த பிறகுதான் பையன் எழுந்தான்.

"என்ன வேலைன்னு சொன்னீங்க தம்பி?"

"மத்தவங்க குறையைக் கேக்கிற வேலை சார்."

"கஸ்டமர் கேரா?"

"அப்படித்தான் வச்சுக்கங்களேன்."

சம்பளம் சுமாராகத்தான் இருக்கும் என்று அவர் கணக்குப் போட்டுக்கொண்டார்.

அடுத்த வளைவில் பையன் மறுபடி உட்கார்ந்தான். ஷூ லேஸை அவிழ்த்துக் கட்டினான். கட்டியதை அவிழ்த்து மறுபடி கட்டினான். ஒரு லேஸ் கட்டத் தெரியாதவன் குடும்பத்தை எங்கே கட்டிக் காப்பான் என்று அவருக்கு எரிச்சலாக வந்தது.

"சார், ராத்திரி நல்லாத் தூங்குவீங்களா?"

"தூங்காம? நாலு தலைகாணியை அடுக்கிச் சாஞ்சுக்கிட்டா சுகமாத் தூக்கம் வரும். நான் ஆஸ்பத்திரி வாசலை மிதிச்சே வருஷக்கணக்காச்சு தம்பி. மக கரடியாக் கத்துறா, ஒரு செக்கப் பண்ணிக்கங்கன்னு. எனக்கு டெஸ்ட் வைக்க எவன் இருக்கான்?"

"அதானே" என்றான் பையன்.

பேச்சுவாக்கில் அவர் இடது கையிலிருந்த தண்ணீர் பாட்டிலை வலது கைக்கு மாற்றிக்கொண்டார். பையன் பாட்டிலை வாங்கிக்கொண்டான். அது ஒன்றுதான் அன்றைக்கு அவன் உருப்படியாகச் செய்தது.

உச்சி கண்ணுக்குத் தெரிந்தது. மேலே பிள்ளைகள் ஓடிப் பிடித்து விளையாடிக்கொண்டிருந்தார்கள். இன்னும் ஒரே ஒரு ஏற்றம்தான்.

"போதும் சார். இறங்கிடலாம்."

"அந்தா தெரியுது பாருங்க தம்பி, உச்சி."

"தெரியுது சார். அதான் பாத்துட்டோமே."

இப்படி ஒரு சோம்பேறியை அவர் சர்வீஸில் பார்த்ததில்லை. ஆத்திரமாக வந்தது. கூடவே, வெளியில் சொல்லக் கூடாது, கொஞ்சம் நிம்மதியாகவும் இருந்தது.

இறங்கும்போது பையன் அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான். பிடித்தவன் விடவில்லை. வாட்சை வேறு பார்த்தான்.

"ஏதாவது அவசர வேலையா தம்பி?"

"இல்ல சார். பழக்கதோஷம்."

கார் பக்கத்தில் மகள் நகத்தைக் கடித்துக்கொண்டு நின்றாள்.  அந்த முகத்தைப் பார்த்ததும், பொய் சொல்லிவிடலாமா என்று கூட அவருக்கு ஒரு கணம் தோன்றியது. ஆனால் ஆயுசுக்கும் அவர் யாருக்கும் பொய் லைசென்ஸ் கொடுத்ததில்லை.

"மன்னிச்சுக்கம்மா. ஆள் தங்கமானவர்தான். ஆனா இந்தச் சின்ன ஏத்தத்துக்கே வளைவுக்கு வளைவு உக்கார்றார். பாதியிலயே இறங்கியாச்சு. பெயில்."

மகள் அழவும் இல்லை, சண்டை போடவும் இல்லை. அவரைத் தாண்டிப் பையனைப் பார்த்தாள்.

"டாக்டர், நீங்க சொல்லுங்க. அப்பா எப்படி?"

"பெயில்தாங்க. இதுக்கு மேல ஒரு அடி ஏத்தியிருந்தாலும் ஆபத்து. ஹார்ட் வார்டுல பெட் சொல்லி வச்சிருக்கேன், நேரா அங்கயே போயிடலாம்" என்று பையன் காரின் பின்கதவைத் திறந்து பிடித்தான்.

பிரேக் இன்ஸ்பெக்டர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "அப்போ மாப்பிள்ளை?"

"இவருக்குக் கல்யாணமாகி ரெண்டு குழந்தைங்க இருக்குப்பா" என்ற மகள், அவர் கையைப் பிடித்துக் காரில் ஏற்றினாள். "முதல்ல நீங்க பாஸாகிட்டு வாங்க, மாப்பிள்ளையை அப்புறம் ஏத்திப் பாக்கலாம்."