துணைக்கு ஆரு?

கொழிஞ்சாம்பாறை மாதர் சங்க அலுவலகத்தின் வாசலில் ஜீப் உறுமிக்கொண்டு நிற்கிறது. காலை வெயில் மேசைமேல் இருக்கும் கறுப்புத் தொலைபேசியில் பளபளக்கிறது. புருஷனைக் கொள்ளையர்கள் வெட்டிக் கொன்றதைக் கண்ணால் பார்த்த காளியாத்தாள் இன்று சித்தூர் கோர்ட்டில் சாட்சி சொல்லவேண்டும். அவளுக்கு வக்கீல் பிடித்தது, தங்க இடம் கொடுத்தது, இந்த ஜீப்பைச் சொல்லிவைத்தது எல்லாம் அலுவலகத்தை நடத்தும் கமலாத்தாள்தான். ஆனால் காளியாத்தாளின் கை, போன மாசம் டைப் அடிக்கச் சேர்ந்த சௌதாவின் கைக்குள் இருக்கிறது. சௌதா அவள் நெற்றியில் ஒட்டிய நரைமுடியை மெல்ல ஒதுக்கிவிடுகிறாள். கமலாத்தாள் புதுச்சேலை மடிப்பை நீவிக்கொண்டு, "கிளம்பலாங்களாக்கா? நான் பக்கத்துலயே இருப்பேன்" என்கிறாள். காளியாத்தாள் எழுந்திருக்கவில்லை. "நீங்க மவராசிங்க, கோவிச்சுக்காதீங்க. இந்தக் கண்ணு கூட வந்தாத்தான் எனக்குப் பேச்சு வருமுங்க." தனக்குக் கும்பிடும் மரியாதையும், அவளுக்குக் 'கண்ணு' என்ற கொஞ்சலும். கமலாத்தாள் சேலை மடிப்பிலிருந்து கையை எடுக்கிறாள். காவலுக்கு வந்த போலீஸ்காரர்கள் ஏறியது போக ஜீப்பில் இரண்டு பேருக்குத்தான் இடம். "நீயே போ சௌதா" என்கிறாள், வேண்டியதற்கு மேல் சத்தமாக. ஜீப் கிளப்பிய புழுதி அடங்குமுன் தொலைபேசியை எடுத்து வக்கீலைக் கூப்பிட்டு, கோர்ட் வராந்தாவில் இரண்டு நாற்காலி போட்டுவைக்கச் சொல்கிறாள். "துணைக்கு ஆரு வர்றாங்க?" என்று வக்கீல் கேட்கிறார். பேரைச் சொல்லக் கமலாத்தாளுக்கு நாக்கு எழவில்லை. "எங்க ஆபீசுல ஒரு பொண்ணுங்க" என்கிறாள்.